விற்கப்போகும் பழைய வீட்டில் எதற்குச் செலவு செய்யலாம், எதை விட்டுவிடலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பெங்களூர் ராமமூர்த்தி நகரில் 30க்கு 40 அடி மனையில் அப்பா 1998ல் கட்டிய வீடு. கீழே நீங்களும் அம்மாவும், மேலே குடித்தனம். அப்பா 2021ல் காலமாகிவிட்டார், தங்கை கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறார். புரோக்கர் மூன்று லட்சம் போட்டு புட்டி (பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் பூச்சு), பெயிண்ட், ஹாலுக்கு டைல்ஸ் எல்லாம் முடித்துவிடச் சொல்கிறார். வாங்க ஆசைப்படும் ஒருவர் இரண்டு மாதம் கழித்து, வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்‌ஷன் ஆளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஹால் சுவரின் அடியில் உப்பு பூத்திருக்கிறது, மேல்வீட்டு பாத்ரூமுக்குக் கீழே சீலிங்கில் கறை. பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டிருந்தாலும், அந்த இரண்டு இடத்தையும் அவர் பார்த்தால் விலை எவ்வளவு விழும், அதற்குள் மூடிவிட முடியுமா என்பதுதான் உள்ளே ஓடுகிற கேள்வி. மூட முடியாது. மூடக்கூடாது என்பதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது, அது பின்னால் வரும்.

அதற்கு முன் புரோக்கரிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள்: வருகிறவர் வீட்டை வாங்குகிறாரா, மனையை வாங்குகிறாரா? கிழக்கு பெங்களூரில் இத்தனை வருடப் பழைய கட்டடம் நிற்கும் 1,200 சதுர அடிக்குப் பேசும் விலையில் பெரும்பகுதி மண்ணுக்குத்தான். இடித்துவிட்டு நாலு மாடி எழுப்பி வாடகைக்கு விடும் கணக்கோடு வருகிறவருக்கு உங்கள் புது டைல்ஸ் கடப்பாரைக்கு இன்னும் கொஞ்சம் வேலை, அவ்வளவுதான். அவர் டேப் பிடித்து மனையை அளப்பார், முன் ரோட்டின் அகலத்தைப் பார்ப்பார், பத்திரத்தில் உள்ள செக்குபந்தியும் (நாலு பக்க எல்லை) நிலத்தில் நிற்கும் காம்பவுண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். அப்படிப்பட்ட ஆளென்றால் பாத்ரூம் கறைக்கு மேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள், அதுவும் மேலே குடியிருப்பவர்களுக்காக. உங்களுக்கு வருகிறவர் சோதனை ஆளைக் கூட்டி வருகிறார் என்பதால் இடிக்கும் எண்ணமில்லை, கட்டடத்தை வைத்துக்கொள்ளப் போகிறார் என்று எடுத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

வேலையின் வரிசை தண்ணீர், கரண்ட், கடைசியில் பெயிண்ட். பேப்பர் வேலை மட்டும் இன்றே தொடங்கி இவற்றோடு கூடவே ஓட வேண்டும், ஏனென்றால் அதில்தான் நாள் அதிகம் பிடிக்கும். புரோக்கர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். அவர்கள் பார்வையில் முதல் படி போட்டோ, போட்டோவுக்கு வேண்டியது பெயிண்ட்.

ஹால் சுவரிலிருந்து ஆரம்பிப்போம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குள் பெயிண்ட் உரிந்து, வெள்ளைப் பொடி உதிர்ந்து, அதற்கு மேலே சுவர் நன்றாக இருந்தால் அதை ஓதம் ஏறுகிறது என்பார்கள். அஸ்திவாரத்துக்கு மேலே ஈரம் தடுக்கும் பட்டை போடாமல் விட்ட, அல்லது போட்டது காலப்போக்கில் செயலிழந்த வீடுகளில் மண்ணின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். ஏறும்போது உப்பையும் சேர்த்துக்கொண்டு வரும். தண்ணீர் காற்றில் போய்விடும், உப்பு பூச்சுக்குள் தங்கிப் படிகமாகி, பூச்சைத் தள்ளி உதிர்க்கும். ஆனால் சுவரடி ஈரமெல்லாம் ஓதம் இல்லை. 30க்கு 40 வீடுகளில் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, பெரும்பாலும் போர்ட்டிகோவுக்குக் கீழே, ஹால் சுவரை ஒட்டியே இருக்கும். சம்ப் கசிந்தாலும் இதே உப்புதான், இதே உயரம்தான். இன்னொரு காரணம், ரோட்டுக்குத் தார் மேல் தார் போட்டு மட்டம் உயர்ந்துபோய், ஒருகாலத்தில் ரோட்டைவிட உயரமாக இருந்த வீடு இன்று பள்ளத்தில் நிற்பது. மழைத் தண்ணீர் காம்பவுண்டுக்குள் வந்து சுவரோரம் நின்றால் எந்தப் பூச்சும் தாங்காது.

எது என்று கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். சம்ப்பை நிரப்பி, உள்ளே வரும் வால்வை மூடி, மோட்டார் போடாமல், தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். 6க்கு 6 அடி சம்ப்பில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 33 லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். மூடி போட்ட சம்ப்பில் ஆவியாகி அவ்வளவு போகாது. அடுத்தது சுவர். பெயிண்டைச் சுரண்டிவிட்டு, ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் வைத்து ஒட்டுங்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒன்று, மூன்றடியில் ஒன்று, ஐந்தடியில் ஒன்று. மறுநாள் பாருங்கள். ஷீட்டின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நம் பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னல் திறந்தால் போகும். அடி ஷீட் வேர்த்து மேல் ஷீட் காய்ந்திருந்தால் ஓதம் அல்லது சம்ப். மூன்றும் வேர்த்திருந்தால் சுவருக்குள் பைப்பையோ, வெளிப்பூச்சின் வெடிப்பையோ தேடுங்கள்.

சம்ப்தான் காரணமென்றால் நல்ல செய்தி: காலி செய்து, கழுவி, மூலைகளைக் கவனித்து, சிமென்ட் கலந்த பாலிமர் கோட்டிங் இரண்டு கை கொடுத்தால் தீரும். மூன்று நான்கு நாள் வேலை. ஓதம் என்றால் அவ்வளவு சுலபமில்லை. மேஸ்திரி பூச்சை உடைத்துவிட்டு வாட்டர்புரூஃப் கலவையில் பூசித் தருகிறேன் என்பார். ஒரு மூட்டை சிமென்டுக்கு 200 மில்லி என்று அந்தத் திரவத்தை ஊற்றிப் பூசினால் அந்த இடம் வெளிக்குக் காயும். உள்ளே ஏறும் தண்ணீருக்கு வழி அடைபட்டதால் அது இன்னும் ஓரடி மேலேயோ, சுவரின் மறுபக்கம் பெட்ரூமிலோ போய் வெளிவரும். சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் ஏற்றும் முறை வேலை செய்கிறது, ஆனால் எல்லாச் சுவரிலும் ஒரே மாதிரி செய்வதில்லை. சரியாக ஏறினாலும், ஈரமான சுவர் ஓர் இன்ச் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொண்டுதான் காயும். உங்கள் 9 இன்ச் சுவருக்கு இரண்டு மாதம் எந்த மூலைக்கு?

அதனால் என் யோசனை: உப்புக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல்லில் உள்ள உப்பைக் கம்பி பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்துக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். வெளியே தண்ணீர் நிற்கும் இடத்தைச் சரிசெய்து, சுவரை அப்படியே திறந்து விடுங்கள். அசிங்கமாக இருக்கிறது என்றால் சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடியுங்கள். புட்டி வேண்டாம். ஈரச் சுவரில் புட்டி மூன்று வாரத்தில் அப்பளம்போல் உப்பும், சரியாக இன்ஸ்பெக்‌ஷன் சமயத்தில்.

சோதிக்க வருகிறவர் கையில் ஈரம் பார்க்கும் மீட்டர் இருக்கும், சிலரிடம் தெர்மல் கேமராவும். இரண்டுமே பொய் சொல்லக்கூடியவை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊசி குத்தும் மீட்டர் உண்மையில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்றுதான் பார்க்கிறது. உப்பேறிய சுவர் காய்ந்திருந்தாலும் ஈரம் என்று காட்டும். கேமரா காட்டுவது வெப்ப வித்தியாசம். குளிர்ந்த இடமெல்லாம் ஈரமல்ல. அவர் ரிப்போர்ட்டில் "ஈரம் அதிகம்" என்று எழுதினால் நீங்கள் ஷீட் ஒட்டிப் பார்த்த தேதியும் போட்டோவும் காட்டலாம். அதற்காகவாவது அந்தச் சோதனையைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்தது சீலிங் கறை. கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். இனி நடப்பது அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதுதான். மேல்வீட்டுக்காரர்களிடம் சொல்லி ஒரு நாள் அந்த பாத்ரூமுக்குப் போகும் வால்வை மூடுங்கள், யாரும் அதைப் பயன்படுத்த வேண்டாம். கறையில் டிஷ்யூ பேப்பரை அழுத்தினால் ஈரம் ஒட்டுகிறதா? பிறகு வால்வை மட்டும் திறந்து, பயன்படுத்தாமல் இன்னொரு நாள். இப்போது ஈரம் கூடினால் சுவருக்குள் ஓடும் சப்ளை பைப். 1998 வீட்டில் அது ஜி.ஐ. பைப்பாக (துத்தநாகம் பூசிய இரும்பு) இருந்தால் ஆச்சரியமே இல்லை. போர்வெல் தண்ணீர் ஓடியிருந்தால் உள்ளே துருவும் உப்பும் சேர்ந்து பாதி அடைத்திருக்கும். பைப் நன்றாக இருந்தால், தரையில் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் காத்திருங்கள். பிறகு ஃப்ளஷ் மட்டும். கடைசியாக, தரைத் தண்ணீர் வடியும் வாயான நாணி டிராப்பை மணல் கட்டிய துணியால் அடைத்து, தரையில் ஓர் இன்ச் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் வையுங்கள். எந்தச் சோதனைக்குக் கறை அசைகிறதோ அங்கேதான் வேலை. இதைச் செய்யாமல் டைல்ஸ் முழுவதையும் பெயர்ப்பது, பல்வலிக்குத் தாடையையே எடுப்பது போல.

பல வீடுகளில் குற்றவாளி டைல்ஸ் இடுக்குதான், அல்லது நாணி டிராப்பின் கழுத்து. இடுக்கில் உள்ள பழைய சிமென்டைச் சுரண்டி எடுத்து எபாக்ஸி கிரவுட் (இடுக்கை அடைக்கும் பசை) நிரப்பினால், ஒரு நாள் தண்ணீர் படாமல் விட்டு, பிறகு பயன்படுத்தலாம். டிராப் என்றால் அதைச் சுற்றி ஓரடி சதுரம் உடைத்து, இணைப்பை மாற்றி, கோட்டிங் கொடுத்து மூட வேண்டும். ஒரு பிளம்பர், ஒரு கொத்தனார், ஒரு ஹெல்பர், இரண்டு நாள். ரேட் ஏரியாவுக்கு ஏரியா மாறுவதால் ஆள் கணக்கில் சொல்கிறேன். ஓர் எச்சரிக்கை: பாத்ரூம் தளம் பள்ளமாக இறக்கிப் போட்டு, உடைசல் செங்கல் நிரப்பியது என்றால், அந்தப் பள்ளத்தில் தேங்கிய பழைய தண்ணீர் கசிவை நிறுத்திய பிறகும் சில வாரம் சொட்டும். வேலை தோற்றுப்போச்சு என்று கொத்தனாரோடு சண்டைக்குப் போகாதீர்கள். இதனால்தான் பாத்ரூம் வேலையை இந்த வாரமே தொடங்கச் சொல்கிறேன்.

கறையைவிடப் பெரிய கேள்வி, மோல்டுக்குள், அதாவது கான்கிரீட் தளத்துக்குள், இருக்கும் கம்பி. ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் கறைப் பகுதியையும், ஒப்பிட நல்ல பகுதியையும் தட்டிப் பாருங்கள். கெட்டியான கான்கிரீட் "டங்" என்று திருப்பிச் சொல்லும். உள்ளே பிரிந்தது "டொப்" என்று வெறும் சத்தம் போடும். வெள்ளையாக உப்புக் கறை மட்டும் என்றால் தண்ணீர் வந்து போயிருக்கிறது. நேர்கோட்டில் செங்காவி நிறம் தெரிந்தால், அந்தக் கோட்டில் ஒரு கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரும்பு துருவானால் அதன் கனஅளவு இரண்டு முதல் ஆறு மடங்குவரை பெருகும், அந்த அழுத்தத்தில்தான் கீழே உள்ள கான்கிரீட் தட்டுத் தட்டாகக் கழன்று விழுகிறது. வெறும் பூச்சு பிரிந்ததா, கம்பிக்குக் கீழ் கான்கிரீட்டே பிரிந்ததா என்பதைச் சத்தத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது, கொத்திப் பார்த்தால்தான் தெரியும். கம்பி தெரிந்தால் அதன் முதுகுவரை கான்கிரீட்டைக் கொத்தி, துருவைத் தேய்த்து எடுத்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, பாண்டிங் கோட் கொடுத்து, பாலிமர் கலந்த மார்ட்டரால் அடைக்க வேண்டும். கம்பியின் தடிமன் கணிசமாகக் குறைந்திருந்தால் அது கொத்தனார் வேலை இல்லை, ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரைக் கூப்பிட்டு எழுத்தில் வாங்குங்கள். வெறும் சிமென்ட் பூசி மூடியது ஆறு மாதத்தில் அதே இடத்தில் விழும். அதற்குள் விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் அடுத்த பத்தியைப் படிக்கக் கொடுங்கள்.

சொத்து மாற்றுச் சட்டம் 1882, 55ஆம் பிரிவின்படி, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை எதுவாக இருந்தாலும் விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை அந்தப் பிரிவு மோசடியாகவே பார்க்கிறது. புட்டிக்குக் கீழே புதைத்த கசிவு இதற்கு நல்ல உதாரணம். சட்டத்தை விடுங்கள், பேரத்தின் கணக்கும் இதையேதான் சொல்கிறது. காரணம் தெரிந்த குறைக்கு வாங்குபவர் ரிப்பேர் செலவைக் கழிப்பார். காரணம் தெரியாத கறைக்கு, தான் எவ்வளவு பயப்படுகிறாரோ அவ்வளவையும் கழிப்பார். ஒரே ஒரு சுவர் மட்டும் புதுப் பெயிண்டில் பளபளத்தால் அந்தப் பயம் இரட்டிப்பாகும்.

மொட்டை மாடியை அரை நாளில் முடிக்கலாம். பூந்தொட்டிகளையும் பழைய சாமான்களையும் அகற்றுங்கள், தண்ணீர் இறங்கும் வாயில் இலை தழைகளை எடுங்கள், ஒரு டிரம் தண்ணீர் கொட்டி வாட்டம் சரியாக இருக்கிறதா பாருங்கள். 100க்கு 1 இறக்கம் இருந்தால் போதும், அரை மணி கழித்துக் குட்டைபோல் நிற்கக்கூடாது. பாரபெட் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே வெட்டி விடாமல் வேரோடு தோண்டி எடுத்து வெடிப்பை அடையுங்கள், இல்லாவிட்டால் வெட்டிய இடத்தில் இரண்டாகத் துளிர்க்கும். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். உங்கள் தேதி அதற்குள் விழுமானால் பாத்ரூமுக்கு முன் மாடியைச் செய்யுங்கள்.

வெடிப்புகளுக்கு எல்லோரும் பயப்படுவார்கள், தேவையில்லாமல். பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக ஓடும் மெல்லிய கோடு இரண்டு வேறு பொருட்கள் வேறு வேறு அளவில் சூட்டில் விரிவதால் வருவது. வி வடிவில் கீறி, நிரப்பி, மேலே நைலான் மெஷ் ஒட்டிப் பூசினால் போதும். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகப் படிபோல் ஏறும் வெடிப்பு, அதுவும் 3 மில்லிமீட்டருக்கு மேல் என்றால், அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். இறங்கி நின்றுவிட்டதா, இன்னும் இறங்குகிறதா என்பதை ஒரு நாள் பார்வையில் யாரும் சொல்ல முடியாது. வெடிப்பின் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் ஒட்டி, தேதி எழுதுங்கள். இரண்டு மாதத்தில் கண்ணாடி உடையாமல் இருந்தால் அதுவே வாங்குபவருக்குக் காட்ட வேண்டிய சாட்சி.

கரண்டில் கேட்பது மூன்று: 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, எர்த் வேலை செய்கிறதா, கீஸர் பிளக் கருகியிருக்கிறதா. உங்கள் வீட்டின் வயதுக்கு முதலாவது பெரும்பாலும் இருக்காது. போட்ட உடனே அடிக்கடி விழுந்தால் ஆர்சிசிபி கெட்டதில்லை. பழைய வயரிங்கில் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கும், அல்லது மேல்வீட்டு நியூட்ரலும் கீழ்வீட்டு நியூட்ரலும் ஒன்றாக ஓடும். அதைத் தேடிப் பிரிக்க எலக்ட்ரீஷியனுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு இத்தனை வருடமாகத் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்து கிடக்கும். ஊற்றி, மீட்டர் வைத்து அளந்து, 5 ஓமுக்குள் வரவில்லையென்றால் புதுக் குழி போடுங்கள். கீஸருக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர், 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் விழும் சுவிட்ச்). முழு வீட்டுக்கும் வயர் மாற்றாதீர்கள், அந்தக் காசு விலையில் திரும்பி வராது.

மீதியெல்லாம் சில்லறை. நிலைக்காலில் கரையான் மண்புற்று இருந்தால் தட்டிவிட்டு மறைக்காமல், தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் ஓரடிக்கு ஒரு துளையாகப் போட்டு மருந்து ஏற்றி, பில்லும் வாரண்டியும் வாங்கி வையுங்கள். ஹாலில் அப்பா போட்ட ரெட் ஆக்சைடு தரை நன்றாக இருந்தால் டைல்ஸ் பேச்சே வேண்டாம். கழுவி மெழுகு பூசுங்கள், இப்போது அதைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங் கூடவே கூடாது, மோல்டை மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். பெயிண்ட் கடைசி பத்து நாளில், காய்ந்த சுவர்களுக்கு மட்டும், முழு அறையாக, வெளிர் நிறத்தில் இரண்டு கை. புதிதாகப் பூசிய இடம் ஏழு நாளாவது நனைந்து, நாலு வாரமாவது காய்ந்திருக்க வேண்டும்.

இனி பேப்பர். முதலில் வாரிசு. அப்பா உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சம பங்கு. தங்கைக்குக் கல்யாணத்தில் செய்ததெல்லாம் செய்தாச்சு என்ற பேச்சு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் செல்லாது, அவர் கையெழுத்து வேண்டும். பலர் மறக்கும் ஒன்று: 2021ல் அப்பா இறந்த நாளில் பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, உயிரோடு இருந்தாரா? இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பிறகு அவரும் காலமாகியிருந்தால் அந்தப் பங்கில் உங்கள் அத்தை, சித்தப்பாக்களும் வருவார்கள். வாங்குபவரின் வக்கீல் இதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடிப்பதைவிட நீங்கள் இன்றே கண்டுபிடிப்பது நல்லது. நாட கச்சேரி என்னும் வருவாய்த்துறை ஆபீஸில் வம்சவிருட்சம் (குடும்ப வாரிசுப் பட்டியல்) வாங்கும்போதே சரியாக எழுதி வாங்குங்கள். நீங்கள் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கணக்கு வேறு, வக்கீலைக் கேளுங்கள்.

அடுத்தது காத்தா, அதாவது மாநகராட்சியில் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்ற பதிவு. இ-காத்தா அதன் ஆன்லைன் வடிவம். 2024 இறுதியிலிருந்து பெங்களூரில் இ-காத்தா இல்லாமல் விற்பனை பதிவாவதில்லை. 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சியான பிபிஎம்பி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்த பிறகும் அது மாறவில்லை. காத்தா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் முதலில் வாரிசுகள் பெயருக்கு மாற்ற வேண்டும். இங்கே நம் ஆட்களுக்கே உரிய தலைவலி இனிஷியல். பத்திரத்தில் கே. முனுசாமி, காத்தாவில் கன்னட குமாஸ்தா கைப்பட்டு முனிஸ்வாமி, ஆதாரில் முனுசாமி கிருஷ்ணன் என்று ஒரே ஆள் மூன்று பேராக நிற்பார். எல்லாப் பேப்பரையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, ஒருவரே என்ற அஃபிடவிட்டை நோட்டரியிடம் வாங்கி வையுங்கள். உங்கள் காத்தா ஏ-யா (முறையான சொத்து) பி-யா (அனுமதியில் குறையுள்ள சொத்து) என்பதும் இதில் தெரிந்துவிடும். பி என்றால் பல பேங்க் கடன் தராது, வாங்கும் கூட்டமே சுருங்கும், அதற்கேற்ப விலையைப் பேச வேண்டியிருக்கும்.

வில்லங்கச் சான்று 2004க்குப் பிறகு உள்ளதை கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி தளத்தில் எடுக்கலாம், அதற்கு முந்தையதை ஆபீஸில் தேடி வாங்க வேண்டும். அப்பா வீட்டுக் கடன் வாங்கிக் கட்டி முடித்திருந்தால், பத்திரத்தைத் திருப்பி வாங்கியது போதாது. அடமானம் பதிவாகியிருந்தால் அது தீர்ந்தது என்பதும் பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் சான்றில் கடன் நின்றுகொண்டே இருக்கும். பிளான் அனுமதி தரைத்தளத்துக்கு மட்டும் வாங்கி மாடியைப் பிறகு கட்டியிருந்தால், பேங்க் மதிப்பீட்டாளர் மாடியைக் கணக்கில் சேர்க்காமல் போகலாம். கடன் 75 லட்சத்துக்கு மேல் போனால், ரிசர்வ் பேங்க் விதிப்படி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டித் தர முடியாது. மதிப்பு குறைந்தால் வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டிய பணம் ஏறும். பேரம் முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வரி பற்றி ஒன்றே ஒன்று: விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடிப்பார். விற்பவர் யாருடைய பான் எண்ணாவது ஆதாரோடு இணையாமல் செயலிழந்திருந்தால் அந்தப் பங்குக்கு அது 20 சதவீதமாகும். அம்மாவுடையதைச் சரிபாருங்கள். மற்றதை ஆடிட்டரிடம் விடுகிறேன், நான் கட்டட வேலைக்காரன்.

மேல்வீடு வாடகையா, லீஸா என்று நீங்கள் எழுதவில்லை. மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு விட்ட லீஸ் என்றால், அந்தத் தொகையை யார், எந்தத் தேதியில் திருப்பித் தருவார் என்பது விற்பனை ஒப்பந்தத்திலேயே வர வேண்டும். குடியிருப்பவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பாத்ரூம் சோதனைக்கும் அவர்கள் ஒத்துழைப்பு வேண்டும், இன்ஸ்பெக்‌ஷன் அன்று கதவு திறக்கவும் வேண்டும்.

அந்த நாளுக்கு முதல் நாள், பீரோ, கட்டில் எல்லாவற்றையும் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள், பின்னால் போய்ப் பார்க்க முடியாத சுவரை அவர் "சோதிக்கவில்லை" என்று எழுதுவார், அது குறை எழுதுவதைவிட மோசம். மேல் டேங்கை நிரப்புங்கள், டேங்குக்கு ஏற ஏணி வையுங்கள், சம்ப் மூடியைத் தூக்கிப் பாருங்கள், துருப்பிடித்து ஒட்டியிருந்தால் எண்ணெய் விடுங்கள். சுவிட்ச் போர்டில் எந்த எம்சிபி எதற்கு என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பயன்படுத்தாத பாத்ரூம் டிராப்பில் தண்ணீர் வற்றி சாக்கடை வாடை வரும், ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் நிற்கும். ஊதுபத்தி கொளுத்தாதீர்கள், வாடையை மறைக்கிறார்கள் என்று மூக்கு தெரிந்துகொள்ளும். ஷீட் சோதனை, கறைக் கோடு, சம்ப் கோடு, கண்ணாடித் துண்டு இவற்றின் போட்டோக்களும், பிளம்பர், எலக்ட்ரீஷியன், கரையான் மருந்து பில்களும் ஒரு ஃபைலில் இருக்கட்டும். அவர் சுற்றிப் பார்க்கும்போது பின்னாலேயே போய் விளக்கம் சொல்லாமல், கேட்டதற்கு மட்டும் ஃபைலைக் காட்டுங்கள். முடிந்ததும் ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை வாங்குபவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இவர் வாங்காமல் போனாலும், அடுத்து வருகிறவர் கேட்கப்போகும் கேள்விகள் அதில் இருக்கும்.